முகம் காட்டக் கூடாத கண்ணாடி

1

இந்த வாரம் எனக்குக் கேக் வெட்டினார்கள். கம்பெனியில் சேர்ந்து பத்து வருஷம் முடிந்ததற்காக. ஜெர்மனியில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்கு விசேஷமோ அவன்தான் கேக் கொண்டுவர வேண்டும். நானே வாங்கி, நானே வெட்டி, நானே ஆளாளுக்கு நீட்டி, எல்லாரும் தின்றுவிட்டுப் போன பிறகு தட்டுகளையும் நானே கழுவி வைத்தேன். பதிலுக்கு மரக்கட்டையில் செருகிய ஒரு கண்ணாடி வில்லையைக் கொடுத்துக் கை குலுக்கினார்கள். அதில் பொறித்திருந்த என் பெயரில் ஓர் எழுத்தைக் காணோம். பத்து வருஷம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனின் பெயரைச் சரிபார்க்க ஓர் ஆள் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அதை ஜன்னலோரம் வைத்தேன். அதில் என் முகம் பளிச்சென்று தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். முகத்தில் கோளாறு ஒன்றும் இல்லை. முகமே தெரியக் கூடாத கண்ணாடியைச் செய்வதுதான் பத்து வருஷமாக என் பிழைப்பு. அந்தக் கண்ணாடியிலிருந்து ஒரு துண்டு எடுத்துக் கொடுக்கக்கூட மனம் வராமல், ஏதோ ஒரு பரிசுப்பொருள் கடையில் வாங்கி என் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஊரில் படிக்கிறவர்களுக்காக ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சோலார் பலகையை மேலே ஒரு கண்ணாடி மூடியிருக்கும். நேராக விழும் வெயிலிலேயே நூற்றில் நாலு பங்கு உள்ளே போகாமல் திரும்பிவிடும். காலையிலும் மாலையிலும் வெயில் சாய்ந்து விழும்போது இன்னும் அதிகம் திரும்பும். கண் கூசுகிறதே, அந்தப் பளபளப்பு முழுக்க வீணாய்ப் போகிற மின்சாரம். விட்டில் பூச்சியின் கண் அப்படிப் பளபளக்காது. அதன்மேல் ஒளியலையைவிடச் சிறிய மேடுகள் நெருக்கமாக முளைத்திருக்கும். நம் தலைமயிர் ஒன்றின் குறுக்கே அந்த மாதிரி மேடுகளைச் சில நூறு நிறுத்தலாம். காற்று எங்கே முடிந்தது, கண்ணாடி எங்கே ஆரம்பித்தது என்று வெளிச்சத்துக்கே பிடிபடாமல் உள்ளே இறங்கிவிடும். அந்த மேடுகளைக் கண்ணாடிமேல் ஒரு பூச்சாக வளர்ப்பதுதான் எங்கள் ஆய்வகத்தின் வேலை. நல்ல பூச்சு உள்ள பலகை கறுப்பாகக் கிடக்கும். குனிந்து பார்த்தால் நீங்கள் அதில் இருக்கமாட்டீர்கள்.

2

என் தம்பி குமார் மாமல்லபுரத்துக்குத் தெற்கே புதுப்பட்டினத்தில் இருக்கிறான். அணுமின் நிலைய டவுன்ஷிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கும் மஞ்சள் வேன் ஓட்டுகிறான். ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்து வலது தோள் போய்விட்டது. கையைத் தூக்கிச் சட்டை மாட்ட முடியாது. பெண்டாட்டி மாட்டிவிட வேண்டும்.

உப்புக்காற்றில் பூச்சு எப்படித் தாங்குகிறது என்று பார்க்க வெயில் நாட்டில் ஒரு கடலோர மாடி தேவை என்று எங்கள் பிரிவுத் தலைவர் சொன்னபோது, நான் குமார் வீட்டு மாடியைச் சொன்னேன். அலைச்சத்தம் கேட்கும் தூரம். பரிசோதனை தேறினால் புதுப்பட்டினத்திலிருந்து மாமல்லபுரம் வரை இன்னும் பல மாடிகளில் பலகை வைப்பார்கள். அத்தனையையும் பார்த்துக்கொள்ளும் சம்பள வேலை குமாருக்கு. வேனை விற்றுவிட்டுத் தோளைக் காப்பாற்றிக்கொள்ளலாம். அவன் இதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டான். வாய் சும்மா இருக்காது.

பலகைகளைத் துறைமுகத்திலிருந்து வெளியே எடுக்க நான் லீவு போட்டுவிட்டு வந்து அலைந்தேன். ஓர் அதிகாரி கண்ணாடியை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"ஸ்பெஷல் கோட்டிங்னு போட்டிருக்கீங்க. ஒண்ணுமே தெரியலையே?"

"தெரியாம இருக்கிறதுதான் சார் ஸ்பெஷல்."

"தெரியாத ஒண்ணுக்கு நான் எப்படி சார் கையெழுத்துப் போடறது?"

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லி முடிக்க மூன்று மேஜைகள் தாண்ட வேண்டியிருந்தது. செங்கல்பட்டில் ஆரம்பித்துப் படிப்புக்காகத் தினம் மின்சார ரயிலில் நசுங்கிப் போய்வந்தவன் நான். காத்திருப்பது பழக்கம்தான். ஆனால் ஊர் ஊர் என்று உருகுகிற சக புலம்பெயர்ந்தவர்களை அந்த வரிசையில் ஒரு நாள் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

பலகைகளை மாடியில் ஏற்றி முடித்ததும் குமாரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். தண்ணீர் மட்டும் ஊற்று, வேறு எதுவும் தொடாதே. மாதம் ஒரு போட்டோ எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பு. "சரிண்ணா, சரிண்ணா" என்று தலையாட்டினான்.

3

அந்த வருஷம் ஆயுத பூஜையன்று அந்த மாதப் போட்டோ வந்தது. ஆய்வகத்தில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வந்தது.

மாடியில் பலகைகள் வரிசையாக, துளி தூசி இல்லாமல் கறுப்பாக இருந்தன. ஒவ்வொரு பலகையிலும் உள்ளங்கை அகலத்துக்கு மூன்று மஞ்சள் வட்டம், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சிவப்பு. ஓரத்தில் சாமந்தி மாலை, எலுமிச்சம்பழம், உடைத்த பூசணிக்காய். நடுவில் குமார் ஈரத் தலையோடு சிரித்துக்கொண்டு நின்றான்.

கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போன் போட்டேன்.

"இன்னாடா பண்ணி வெச்சிக்கிற?"

"பூஜைண்ணா. வேனுக்கு வெச்சேன், மோட்டாருக்கு வெச்சேன், மிக்ஸிக்குக்கூட வெச்சேன். கரண்டு குடுக்கிற சாமானுக்கு வெக்காம வுட்டா நல்லாவா கீது?"

"சந்தனம் இவ்ளோ மஞ்சளா இருக்காதேடா?"

"பெயிண்ட்டுண்ணா. வேனுக்கு அடிச்ச மஞ்சா மிச்சம் இருந்துச்சி. மழை வந்தா சந்தனம் நிக்காதுல்ல? ஒரே தபா வெச்சிட்டா வருஷா வருஷம் ஏற வேணாம்."

"தேச்சியா?"

"தேய்க்காம எவனா பொட்டு வெப்பானா? தேங்கா நாரு, பாத்திரப் பவுடரு போட்டு நல்லா தேச்சி, காய வுட்டு, அப்பறம்தான் வெச்சேன். இந்தத் தோள வெச்சிகினு."

எனக்குக் கோபம் கண்ணை மறைத்தது. இத்தனை வருஷ உழைப்பை, மயிரிழையைவிட மெல்லிய ஒரு பூச்சை, தேங்காய் நார் போட்டுத் தேய்த்திருக்கிறான். "அறிவு கீதாடா உனக்கு? மாடு மேய்க்கிறவன்கூட ரெண்டு தபா யோசிப்பான்டா" என்று கத்தினேன். பக்கத்துக் கதவுக்குள் இருந்தவர் தொண்டையைச் செருமினார். 

"சரிண்ணா. இனிமே அந்தப் பக்கமே போவல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அவன் சொன்னால் செய்கிறவன். அதற்குப் பிறகு பலகைப் பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றவில்லை. மழை மட்டும்தான் கழுவியது. போட்டோ மட்டும் மாதம் தவறாமல், மாடிப்படியில் நின்றபடி எடுத்து அனுப்பினான்.

4

அடுத்த வாரக் கூட்டத்தில் அந்தப் படத்தைப் பெரிய திரையில் போட்டார்கள். ஒரு பெண் அழகாக இருக்கிறது என்றாள். இன்னொருவன், "அம்மை போட்டிருக்கிறதா?" என்று கேட்டான். மேஜையைச் சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். பல் தெரியாமல், மரியாதையாகச் சிரித்தார்கள். எனக்குக் குமார்மேல் இருந்த அருவருப்பு ஒரு பக்கம், அந்தச் சிரிப்பின்மேல் வந்த அருவருப்பு ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் நாற்காலியில் கல்லாய் உட்கார்ந்திருந்தேன்.

மாடி மீட்டர் அனுப்பிய கணக்கில், பொட்டு மறைத்ததைக் கழித்துப் பார்த்தால், பூஜை முடிந்து சில வாரங்களுக்கு மின்சாரம் பழையபடிதான் வந்தது. மழைக்காலம் போன பிறகு மெல்லக் குறைந்தது. கோடை வந்தபோது பூச்சே இல்லாத சாதாரணப் பலகையின் அளவுக்கு இறங்கிவிட்டது. பிரிவுத் தலைவருக்குக் காரணம் தயாராக இருந்தது.

"தேய்த்துவிட்டார்கள். வேறென்ன? அறிக்கையில் பொறுப்பாளரின் முறையற்ற பராமரிப்பு என்று எழுதிவிடலாம். பூச்சில் குறை இல்லை. விற்பனைக்குப் போகலாம்."

பொறுப்பாளர் என்றால் குமார். அப்படி எழுதினால் கடலோர வேலை அவனுக்குக் கிடையாது. அது மட்டும் இல்லை. நாளைக்கு அந்தக் கடற்கரையில் யார் வாங்கி வைத்துப் பூச்சு போனாலும் நீ தேய்த்தாய், நீ கெடுத்தாய் என்று சொல்லிக் கைகழுவிவிடலாம். அன்று எனக்கும் அவர் சொல்வதுதான் சரி என்று பட்டது. தம்பியின் வேலையை என்னாலேயே காப்பாற்ற முடியாது என்று நினைத்தபோது வாய் கசந்தது.

அன்றிரவு ரொட்டியும் சீஸும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். என் மகள் யாழினிக்குப் பதினைந்து வயது. நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்லுவாள். போனில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, சித்தப்பா ஏன் சோலாருக்கு மேக்கப் போட்டார் என்று கேட்டாள். ஆயுத பூஜையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்தில் காதில் ஹெட்போன் ஏறிவிட்டது. நாங்கள் இந்த நாட்டில் வளர்த்த பயிர் இது. யாரைத் திட்ட?

5

போன வருஷம் ஆகஸ்ட்டில் யாழினியின் பள்ளி விடுமுறைக்கு ஊருக்கு வந்தோம். கிளம்பும்போதே தலைவர் சொல்லி அனுப்பினார்: அந்தப் பொட்டுகளைத் துடைத்துவிட்டுச் சுத்தமான படங்கள் எடுத்து வா, அறிக்கையில் மதச் சின்னம் தெரிந்தால் நன்றாக இருக்காது.

விமான நிலையத்திலிருந்து டாக்ஸி பழைய மாமல்லபுரம் சாலையில் வந்தது. நாவலூரில் இரண்டு பக்கமும் கண்ணாடிக் கட்டடங்கள், ஒவ்வொன்றும் வெயிலை நேராக நம் கண்ணில் வீசுகின்றன. டிரைவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டார். வாழ்நாள் முழுக்கப் பளபளப்பை ஒழிக்கப் பாடுபட்டவனுக்கு இதைவிட நல்ல வரவேற்பு யார் கொடுப்பார்கள்?

குமார் வாசலில் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. "நாஸ்தா துன்னியா?" என்று யாழினியிடம் கேட்டான், என்னிடம் கேட்கவில்லை. நான் பெயிண்ட்டைக் கரைக்கும் தின்னர் டப்பாவும் பழைய பனியன் துணியும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். சற்று நேரத்தில் அவனும் ஏறி வந்து, தண்ணீர்த் தொட்டி நிழலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

பலகைகள் இருந்த கோலத்தைச் சொல்லக் கூசுகிறது. காக்கா எச்சம் வெள்ளைக் கோடாக வழிந்து காய்ந்திருந்தது. மீன் செதில், முருங்கை இலை, கடல் மணல், உப்புப் படலம், செத்த ஒரு தட்டான். போட்டோ எடுக்க வந்த யாழினி "ஈய்" என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். முதலில் குழாயைத் திறந்துவிட்டுப் பொறுமையாகக் கழுவினேன். பிறகு மண்டியிட்டுத் துணியில் தின்னரை நனைத்து முதல் வட்டத்தைத் துடைத்தேன். வேன் பெயிண்ட் சுலபத்தில் விடுமா? கையெல்லாம் மஞ்சள், மூக்கெல்லாம் நெடி.  தம்பியைத் திட்டிக்கொண்டே துடைத்தேன். மனதுக்குள்தான்.

ஒரு பலகை முடிந்தது. நிமிர்ந்து முதுகை நீட்டினேன். பின்னால் வந்து எட்டிப் பார்த்த குமார் முதல்முறையாக என்னிடம் வாயைத் திறந்தான்.

"ண்ணா, உன் மூஞ்சி நல்லா தெரியுது. வழுக்கைகூட தெரியுது."

"தெரியக் கூடாதுடா. அதான் போச்சு."

"பொட்டு இருந்த எடத்துல மட்டும் தெரியல பாரு. கன்னத்துல ஓட்டை வுழுந்தா மாதிரி கீற."

குனிந்து பார்த்தேன். கண்ணாடியில் வானம் இருந்தது, தொட்டி இருந்தது, என் தலை இருந்தது. பொட்டு இருந்த மூன்று இடங்களில் மட்டும் எதுவும் இல்லை. கொஞ்சம் மங்கலாக, ஆனால் கறுப்பாக இருந்தது. தலையை நகர்த்தினேன். என் முகம் வட்டத்துக்குள் போனதும் காணாமல் போனது, வெளியே வந்ததும் திரும்பி வந்தது.

"குமாரு, நீ தேச்சிட்டுத்தான பொட்டு வெச்ச?"

"அதான் அன்னிக்கே சொன்னேனேண்ணா. தேச்சி, கழுவி, காய வெச்சி வெச்சேன்."

"வெச்சதுக்கு அப்பறம் தேச்சியா?"

"நீ திட்டுனதுக்கு அப்பறம் அதுங்க மூஞ்சியக்கூட பார்க்கல."

கண்ணாடியில் மூக்கு படுகிற மாதிரி குனிந்து ஒவ்வொரு வட்டமாகப் பார்த்தேன். தேங்காய் நார் பூச்சைக் கொன்றிருந்தால் பொட்டின் அடியிலும் செத்திருக்க வேண்டும். அங்கேயும் அவன் தேய்த்திருக்கிறான். நார் இழுத்த கீறல்கள் வட்டத்துக்குள்ளும் இருந்தன, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் கீறலுக்கும் கீறலுக்கும் நடுவில் பூச்சு உயிரோடு இருந்தது. பெயிண்ட் மூடிய இடம் பிழைத்தது, மூடாத இடம் போனது. அரித்துத் தின்றது கடற்காற்று. உப்பீரம் மேடுகளுக்குள் இறங்கி, வெயிலில் காய்ந்து, மறுநாள் மறுபடி ஈரமாகி, மணலும் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்திருக்கிறது. ஆய்வகப் பெட்டிக்குள் உப்புத்தண்ணீர் தெளித்துப் பார்த்துத் தேறியது என்று எழுதிய பூச்சு அது. அதில் என் கையெழுத்தும் உண்டு.

"இன்னாண்ணா, நல்லதா கெட்டதா?" என்று குமார் கேட்டான்.

"உனக்கு நல்லதுடா. எங்களுக்குத்தான் கெட்டது."

 அவன் கீழே போய் எனக்கும் நாஸ்தா எடுத்து வந்தான்.

6

திரும்பி வந்ததும் தலைவரிடம் படங்களை வைத்தேன். துடைத்த வட்டங்கள், துடைக்காத வட்டங்கள், வட்டத்துக்கு உள்ளும் வெளியிலும் எடுத்த அளவுகள் எல்லாம் வைத்தேன். 

"சுவாரசியமாக இருக்கிறது" என்றார்.

இந்த ஊரில் பத்து வருஷம் இருந்தவர்களுக்கு அந்த வார்த்தையின் நாற்றம் தெரியும். ஒன்றைக் குழி தோண்டிப் புதைக்கும்முன் சொல்கிற வார்த்தை அது. தேய்த்ததில் பூச்சு பலவீனப்பட்டிருக்கலாம், மிச்சத்தைக் காற்று செய்திருக்கலாம் என்றார். பலவீனப்பட்டது பொட்டின் அடியில் ஏன் பலமாக இருக்கிறது என்று கேட்டேன்.  பொறுப்பாளரைப் பற்றிய வரி இருந்தால் அறிக்கையில் என் பெயர் இருக்காது என்றேன். பூச்சைச் செய்தவன் பெயர் ஏன் இல்லை என்று வாங்குகிறவர்கள் கேட்பார்கள் என்பது அவருக்கும் தெரியும்.

அதே வாரம் வெளிநாட்டவர் அலுவலகத்தில் விசா புதுப்பிக்கக் கைரேகை கொடுத்தேன். என் விரலில் ரேகை சரியாக விழவில்லையாம். தின்னர் செய்த வேலை. அங்கிருந்த பெண் ஒவ்வொரு விரலாகப் பிடித்து இயந்திரத்தில் அழுத்திவிட்டு, தன் கையைக் கிருமிநாசினி போட்டுத் துடைத்துக்கொண்டாள். என் முன்னாலேயே. நான் அதைப் பார்த்தேன் என்பதையும் அவள் பார்த்தாள்.

அறிக்கை கடைசியில் இப்படி வந்தது: "பல காரணங்கள் இருக்கலாம்." குமாரைப் பற்றிய வரி போய்விட்டது, கடற்காற்றைப் பற்றிய வரி வரவே இல்லை. ஆனால் அடுத்த தொகுதிப் பூச்சின்மேல் இன்னொரு கெட்டியான படலம் சேர்க்கச் சொல்லி ஆய்வகத்துக்கு உத்தரவு வந்தது. எதற்காக என்று யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. தப்பு நடந்ததை ஒத்துக்கொள்ளாமலே தப்பைத் திருத்துவது ஒரு கலை. துப்ப வேண்டும் போலிருந்தது. துப்ப இந்த ஊரில் இடம் கிடையாது.

7

குமாருக்கு வேலை கிடைத்துவிட்டது. புதிய பலகைகள் ஏற்கெனவே சில மாடிகளில் ஏறிவிட்டன. கேக் வெட்டிய அன்று மாலை, அந்தப் பரிசுக் கண்ணாடியை ஜன்னலோரம் வைத்துவிட்டு முறைத்துக்கொண்டிருந்தபோது அவன் போட்டோ ஒன்று அனுப்பினான். பலகைகளோடு வந்த ஸ்டிக்கர்.

அதில் ஒரு பிரஷ், மேலே பெருக்கல் குறி. ஒரு நார், மேலே பெருக்கல் குறி. மூன்றாவதாக ஒரு மஞ்சள் வட்டம், நடுவில் சிவப்பு, அதன்மேலும் பெருக்கல் குறி. கீழே இயந்திரம் எழுதிய தமிழில், "தயவுசெய்து பேனலை அலங்கரிப்பதிலிருந்து விலகி இருக்கவும்."

யாழினி என் தோள்வழியாக எட்டிப் பார்த்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு தமிழிலேயே கேட்டாள்.

"இது சித்தப்பாவோட பொட்டுதானே? அதாலதானே கண்டுபிடிச்சீங்க?"

"ஆமாம்."

அவள் ஜெர்மனில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். நான் கண்டிக்கவில்லை.

அவர்களுடைய பூச்சு செத்ததைக் காட்டிக்கொடுத்த ஒரே சாட்சி அந்தப் பொட்டு. அதைப் படமாக வரைந்து, அடித்து, அச்சடித்து, வீடு வீடாக ஒட்டச் சொல்லி அதை வைத்தவன் கையிலேயே கொடுத்திருக்கிறார்கள். அடுத்த நிமிஷம் குமாரே கூப்பிட்டான்.

"ண்ணா, இத நான்தான் எல்லார் வூட்லயும் ஒட்டணுமாம். ஒட்டிகினு கீறேன். பேஜாரா கீது. இது நம்ம பொட்டு மாதிரியே கீதேன்னு டீக்கடைக்காரரு கேக்கறாரு."

"நீ இன்னா சொன்ன?"

"ஆமா, என்னுதுதான், ஃபேமஸ் ஆயிட்டேன்னு சொன்னேன்." சிரித்தான். பிறகு குரல் இறங்கியது. "ஆயுத பூஜை வருதேண்ணா. வேனு இன்னும் விக்கல, அதுக்கு வெச்சிடுவேன். பலகைக்கு இன்னா பண்ணட்டும்? வேலையில வெச்சிக்கிறாங்க. நீ சொல்றத கேக்கறேன்."

மூக்கில் தின்னர் நெடி திரும்ப வந்தது. மேஜையைச் சுற்றிய அந்தச் சிரிப்பும் காதில் விழுந்தது. புதிய பூச்சும் ஆய்வகப் பெட்டிக்குள் தேறிய பூச்சுதான். அது கடற்கரையில் நிற்குமா, நிற்காதா? நின்றால் நல்லது. நிற்காவிட்டால் யாரைக் குற்றம் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

"குமாரு, தேய்க்காத. தண்ணி ஊத்தி கழுவு, காய வை."

"சரிண்ணா. பொட்டு?"

"பலகையில கட்டம் கட்டமா கீதில்ல, நாலு கட்டம் சேர்ற மூலையில சந்து இருக்கும். அங்க ரூபா காசு அளவுக்கு வை. கரண்டு குறையாது. எல்லா வூட்லயும், எல்லா பலகையிலயும் வை."

"சந்தனமா?"

"பெயிண்ட்டுடா. அடுத்த வருஷம் நான் வந்து துடைச்சிப் பார்க்கணும்."